சும்மா சுற்றும் தட்டுக்கு ஒரு தூக்கம்

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் நம் வீட்டு உம்மாமார் சும்மா இருப்பார்களா? “யாருக்காக எரியுது அது?” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. குழாயில் தண்ணீர் சொட்டினாலும் அப்படித்தான். அடுப்பு வெறுமனே எரிந்தாலும் அப்படித்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெட்டிக்குள்ளே, நிமிடத்துக்கு 5,400 தடவையோ 7,200 தடவையோ ஒரு தட்டு இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருந்தால்? அதை நிறுத்தச் சொல்லி எவரும் சத்தம் போடுவதில்லை. அப்படி ஒன்று சுற்றுவதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கைத்தான் சொல்கிறேன் சகோதரிகளே. ‘இது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனோ தம்பியோ லீவில் வந்தபோது அலுமாரிக்கு மேல் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா? வீட்டிலுள்ளவர்களின் போன்களில் எடுக்கும் போட்டோக்கள் தன்னால் அதற்குள் போய்ச் சேர்கின்றனவா? நிக்காஹ் வீடியோவை டீவியில் போட்டுப் பார்க்க முடிகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் ஒரு ‘சேர்வர்’ இருக்கிறது. பெயர்தான் பெரிது. எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டரும், அதற்குள் ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க்கும், அவ்வளவுதான். அதை வைத்தவர் கடல் கடந்து இருக்கிறார். கூடவே வாழ்பவர்கள் நாம்தான்.

என் தங்கச்சி வீடு நல்லதண்ணியில். ஹட்டனில் பஸ் ஏறி, மஸ்கெலியாவைத் தாண்டி, மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பாதை முடியும் இடம் அதுதான். அதற்கு மேல் படிகள்தாம். சிங்களவர் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், நம்மவர்கள் பாவாதமலை என்றும் சொல்லும் மலைக்கு ஏறும் படிகள். 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்து, ‘பாபா’ வழி, ‘மாமா’ வழி என்று இரண்டு பாதைகள் இருந்ததாகவும், பாபா வழிதான் கடினமானது என்றும் எழுதி வைத்தார். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை சீசன். அந்த மாதங்களில் இரவு முழுவதும் மலைப்பாதையில் விளக்குகள் எரியும். கீழே நின்று பார்த்தால் இருட்டில் யாரோ ஒரு மணிமாலையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டது போலிருக்கும். வெசாக் முடிந்தால் அந்த விளக்குகள் அணைந்துவிடும். ஏறுவாரில்லாத படிக்கு விளக்கு எதற்கு?

தங்கச்சி வீட்டில் மூன்று அறைகளைச் சீசனில் வாடகைக்கு விடுகிறார்கள். மச்சானுக்குச் சின்னக் கடை. மகன் கத்தாரில். அவன்தான் இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியை அலுமாரி மேல் வைத்தான். ஒன்றில் எல்லாம், மற்றதில் அதன் நகல். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் போட்டோ, பெருநாள் போட்டோ, வாடகைக் கணக்கு என்று தங்கச்சி அடுக்குவாள். அவளுக்கு முக்கியமானது அதிலெல்லாம் இல்லை. எங்கள் உம்மா மௌத்தாவதற்கு முன்னிரண்டு வருடங்களில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன பழைய கதைகளை, மருமகன் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். பதினேழு பதிவுகள். உம்மாவின் இருமலும், நடுவே ‘ஆரடா அது கதவுல?’ என்று கேட்கும் கேள்வியும் உட்பட எல்லாம் அதில் இருந்தது. போன் எப்போதோ பழுதாகிப் போயிற்று. பதிவுகள் அந்தப் பெட்டியில்தான்.

பெட்டி எப்போதும் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் போடும். பகலில் தெரியாது. மழைக்கால இரவில், சீசன் இல்லாத நேரத்தில், நல்லதண்ணியின் அமைதியில் அது நன்றாகவே கேட்கும். தங்கச்சி என்ன செய்தாள்? விளக்கை அணைப்பது போல, படுக்கப் போகும்போது சுவரில் இருக்கும் சுவிட்ச்சை அணைத்துவிடுவாள். காலையில் போடுவாள். எண்ணம் நல்லது, வழிதான் ஆபத்து.

ஏன் ஆபத்து?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. பழைய இசைத்தட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் முள் தட்டைத் தொட்டுக்கொண்டு ஓடும். இதில் முள் தொடவே கூடாது. தட்டு வேகமாகச் சுற்றும்போது எழும் காற்றில் எழுதும் தலை மிதக்கிறது. தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்கள்தாம். ஒரு தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். தட்டு நின்றால் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் தலை விழும். ஆகவே நிற்பதற்கு முன் தலை தன் ஒதுக்கிடத்துக்குப் போய்விட வேண்டும்.

திடீரென்று கரண்ட் போனால்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மோட்டார் ஒரு கணம் மின்சாரம் பிறப்பித்து, அந்தக் கடைசிச் சக்தியில் தலையை ஒதுக்கிவிடுகிறது. மூச்சுப் போகும் நேரத்திலும் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது போல! ஆனால் அது அவசர ஒதுக்கம். சாதாரண ஒதுக்கத்தைவிட முரட்டுத்தனமானது. டிஸ்க் அதைத் தாங்கும்; தினம் ஒரு தடவை வருடக்கணக்கில் செய்வதற்கென்று அது அமைக்கப்படவில்லை. இதைவிடப் பெரிய கேடு வேறு. அந்த நேரம் பெட்டி ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், எழுத்து பாதியில் நிற்கும். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்ற குறிப்பேடும் பாதியில் நிற்கும்.

தங்கச்சி வீட்டில் அதுதான் நடந்தது. ஒரு நாள் உம்மாவின் பதிவுகளில் இரண்டு திறக்கவில்லை. அவள் எனக்குப் போன் எடுத்தபோது அழுகைதான் முதலில் வந்தது, பேச்சு பிறகு. நல்ல வேளையாக நகல் டிஸ்க்கில் அவை முழுதாக இருந்தன. மகன் கத்தாரிலிருந்து பார்த்துத் திருத்திவிட்டுச் சொன்னான்: “உம்மா, சுவிட்ச்ச கையால அணைக்க வாணாம். நான் அதத் தூங்க வெக்கிறன். வேல வந்தா தன்னால எழும்பும்.”

தூங்க வைப்பது என்றால், பெட்டியை அணைப்பது அல்ல. பெட்டியின் மூளை விழித்திருக்கும். இவ்வளவு நேரம் டிஸ்க்கை யாரும் தொடவில்லை என்றால் தலையை ஒழுங்காக ஒதுக்கித் தட்டை நிறுத்து என்று ஒரு கட்டளை கொடுக்கப்படுகிறது. யாராவது போட்டோ கேட்டால் டிஸ்க் மறுபடி சுற்றத் தொடங்கும். கடையில் விற்கும் சேர்வர் பெட்டிகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இத்தனை நிமிடத்துக்குப் பின் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்து என்று போடலாம். மருமகன் வைத்தது லினக்ஸ் பெட்டி. அதில் ‘எச்டிபார்ம்’ என்ற கட்டளை. அதில் ஒரு வேடிக்கை. 240 என்று எண் கொடுத்தால் 240 நிமிடம் என்று நாம் நினைப்போம். இல்லை! 240 வரையுள்ள எண்ணை 5 விநாடியால் பெருக்க வேண்டும். ஆகவே 240 என்றால் 20 நிமிடம். அடுத்த எண்ணான 241 என்றால் 30 நிமிடம். 242 என்றால் ஒரு மணி நேரம். இதை வகுத்தவர் வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை போலும்.

அவன் 241 என்று போட்டான். அரை மணி நேரம் கழிந்தது. ‘உய்ங்’ நிற்கவில்லை. ஒரு நாள் கழிந்தது. நிற்கவில்லை.

எழுப்புவது யார்?

இந்த இடத்தில்தான் வீட்டிலுள்ள பெண்ணின் கண்ணும் காதும் தேவைப்பட்டன. கத்தாரில் இருப்பவனுக்குத் திரையில் எண்கள் மட்டும் தெரியும். எந்த நேரத்தில் யார் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பது தங்கச்சிக்குத்தான் தெரியும். அவன் சொன்னான், அவள் ஒரு பழைய கொப்பியில் இரண்டு நாள் குறித்து வைத்தாள். எப்போது சத்தம் நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது, அந்த நேரம் வீட்டில் என்ன நடந்தது என்று.

முதலில் பிடிபட்டது டீவி. அதை ரிமோட்டில் அணைத்தாலும் உண்மையில் அது அரைத் தூக்கம்தான். இடையிடையே விழித்து, ‘வீட்டில் வீடியோ ஏதும் உண்டா?’ என்று சேர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது, போன்கள். வட்ஸ்அப்பில் யாராவது காலை வணக்கப் பூ ஒன்று அனுப்பினாலும் அது போட்டோ என்று எண்ணி உடனே பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஐந்து போன் உள்ள வீட்டில் பூவுக்கா பஞ்சம்! பூவும் பொன்மொழியும் வரும் அந்த வட்ஸ்அப் போல்டரைச் சேமிப்பிலிருந்து நீக்கி, கமராவில் எடுக்கும் படங்கள் மட்டும் இரவு ஒரு நேரத்தில் போகும்படி வைத்தார்கள். மூன்றாவது, பெட்டி தானே எழுதும் தினக்குறிப்பு. இன்ன நேரம் இன்னார் வந்தார், இன்னது நடந்தது என்று ஒவ்வொரு சிறு விஷயத்தையும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றும் டிஸ்க்கிலிருந்து எடுத்து, சுற்றாத எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றினான்.

நான்காவதுதான் வேடிக்கை. டிஸ்க் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு காவலன் நிரல் உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கைத் தட்டி, சூடு எவ்வளவு, பழுது உண்டா என்று கேட்கும். தூங்கப் போகவும் 30 நிமிடம். தட்டி எழுப்பவும் 30 நிமிடம்! ‘பிள்ளை தூங்கிட்டானா?’ என்று பார்க்கப் போய் எழுப்பிவிடும் மாமியைப் போல. தூங்கினால் கேட்காதே, விழித்திருக்கும்போது கேள் என்று அந்த நிரலிடம் சொல்வதற்கு ஒரு சொல் போதும். அதைச் சேர்த்த அன்று இரவு தங்கச்சிக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

உங்கள் வீட்டிலும் தூங்க வைத்த டிஸ்க் தூங்காவிட்டால் இந்த நான்கையும் பாருங்கள். யூஎஸ்பி வயரில் தொங்கும் டிஸ்க் என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டிகளில் சில, கம்ப்யூட்டர் சொல்லும் தூக்கக் கட்டளையை உள்ளே கடத்துவதில்லை. சில, யாரும் சொல்லாமலே தாமாகத் தூங்கிவிடும். அது பெட்டிக்குப் பெட்டி வேறு.

எழும்புவதற்கு நேரம் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூங்கும் டிஸ்க்கிடம் ஒரு போட்டோ கேட்டால் பத்து விநாடி அளவு ஒன்றும் நடக்காது. டீவியில் ‘கிடைக்கவில்லை’ என்றுகூட வரலாம். உடனே பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்காதீர்கள். ஒரு தடவை அமுக்கிவிட்டு, பதினைந்து எண்ணுங்கள். வரும்.

அடிக்கடி எழுப்பினால் தேயாதா?

தேயும். இது நியாயமான பயம். சுற்றத் தொடங்கும் அந்தச் சில விநாடிகள்தாம் மோட்டாருக்குக் கடினம். சாதாரணமாகச் சுற்றும்போது 5 வாட் அளவில் இழுக்கும் பெரிய டிஸ்க், எழும்பும்போது 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் எழும்பினால் சின்னப் பவர் பெட்டி திணறும் என்பதால் ஒன்றன் பின் ஒன்றாக எழும்ப வைக்கும் ஏற்பாடும் நல்ல சேர்வர்களில் உண்டு.

எத்தனை தடவை தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்களே எழுதி வைக்கிறார்கள். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் நின்று தொடங்குவதற்கு 50,000 தடவை என்று போட்டிருப்பது வழக்கம். தலை ஒதுங்கி வருவதற்கு 300,000 அல்லது 600,000. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தூங்கி எழும்பினால் வருடத்துக்கு 3,650. 50,000ஐ எட்டப் பதின்மூன்று வருடத்துக்கு மேலாகும். அதற்குள் டிஸ்க் வேறு காரணத்தால் ஓய்வு பெற்றுவிடும்.

ஆனால் தூக்க நேரத்தை மிகக் குறுக்கினால் கதை மாறும். 2009, 2010 அளவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘கிரீன்’ டிஸ்க்குகள் 8 விநாடி சும்மா இருந்தாலே தலையை ஒதுக்கும்படி வந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான். லினக்ஸ் பெட்டிகளில் சில விநாடிக்கு ஒரு தடவை ஏதாவது எழுதப்பட, தலை ஒதுங்குவதும் வருவதுமாக எண்ணிக்கை எகிறியது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 2,880. 300,000ஐ எட்ட 104 நாள் போதும்! பின்பு அந்த 8 விநாடியை மாற்ற நிறுவனமே ஒரு சிறு நிரலைக் கொடுத்தது.

2007இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயது வரையுள்ள டிஸ்க்குகளில் அணைத்துப் போடுவதற்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. மூன்று வயது கடந்தவற்றில் அதிகம் அணைத்துப் போடப்பட்டவை ஓரளவு அதிகமாகப் பழுதாயின என்று அதில் இருக்கிறது. ஆகவே என் கருத்து இது: ஒரு நாளில் ஓரிரு தடவை மட்டும் தொடும் குடும்பப் போட்டோ டிஸ்க்குக்கு அரை மணியோ ஒரு மணியோ கழித்துத் தூக்கம் கொடுங்கள். ஐந்து நிமிடம் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது தொடும் டிஸ்க்கைத் தூங்க வைக்கவே வேண்டாம்.

தங்கச்சி வீட்டில் இதையே சீசனுக்குச் சீசன் மாற்றுகிறார்கள். டிசம்பரில் அறைகள் நிறைந்து, இரவு இரண்டு மணிக்கு மலை ஏறுபவர்கள் வந்து போகும்போது வாடகைக் கணக்கும் அடையாளப் பிரதிகளும் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அப்போது இரண்டு மணி நேரம் சும்மா இருந்தால்தான் தூக்கம். வெசாக் கழிந்ததும் அரை மணி. நோன்பு மாதம் மட்டும் தனி. சஹருக்கு எழும்பும் பிள்ளைகள் அந்த நேரத்திலும் டீவியைப் போடுகிறார்கள் என்று தங்கச்சிக்குப் புகார்.

ஒரு டிஸ்க்கைத் தூங்க வைக்கவே கூடாது. கடைக்கும் வாசலுக்கும் வைத்திருக்கும் சிசிடிவி கமராவின் பெட்டியில் இருப்பது அது. கமரா இருபத்துநான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதால் அதற்குத் தூங்க நேரமே இல்லை. அந்த வேலைக்கென்றே ஓயாமல் ஓடும் வகை டிஸ்க் விற்கிறார்கள். மிச்சம் வேண்டுமானால், அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய் என்று வைக்கலாம். ஆனால் நல்லதண்ணியில் மூடுபனி அசைவதையும் கமரா ஆள் என்று நினைக்கிறது.

லாபம் எவ்வளவு?

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு பெரிய டிஸ்க் தூங்கும்போது ஒரு வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். ஒன்றுக்கு நாலரை வாட் மிச்சம் என்று வையுங்கள். இரண்டு டிஸ்க், நாளுக்கு 20 மணி நேரத் தூக்கம், 30 நாள்: 5.4 யூனிட். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். இதைப் பெரிதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ரைஸ் குக்கர் சோற்றைச் சூடாக வைத்திருக்க 40 வாட் இழுத்தால், பத்து மணி நேரம் அப்படியே விட்டால், மாதத்துக்கு 12 யூனிட். டிஸ்க்கைத் தூங்க வைத்துவிட்டுக் குக்கரை விழித்திருக்க விட்டால் கணக்கு ஒட்டாது.

என்றாலும் ஐந்து யூனிட் எங்கே விழுகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் நம் நாட்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் கூடியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். பிறகு கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை மாறவில்லை. 2023க்குப் பின் வந்த அட்டவணைகளில் மாதம் 60 யூனிட் வரை ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, நிலைக்கட்டணமும் கூட. 63இல் நிற்கும் பில்லை 58க்கு இறக்கினால் அந்த ஐந்து யூனிட்டுக்கு ஐந்து யூனிட்டின் விலையைவிட அதிக மதிப்பு. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். 40இல் இருப்பவருக்கும் 150இல் இருப்பவருக்கும் இது சில்லறை. படியின் விளிம்பில் நிற்பவருக்குச் சில்லறை அல்ல.

நல்லதண்ணியில் இருந்துகொண்டு மின்சாரத்தை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். தங்கச்சி வீட்டிலிருந்து கொஞ்சம் கீழே வந்தால் மவுசாகலை நீர். 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே அந்த நீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய வணக்கத்தலங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். அந்தத் தண்ணீர் கென்யன் மின் நிலையத்தில் ஒரு தடவை, புதிய லக்ஷபானவில் ஒரு தடவை, பொல்பிட்டியவில் ஒரு தடவை என்று இறங்க இறங்க விசையாழிகளைச் சுற்றுகிறது. இந்த மலைகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். பழைய லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் குறைந்தால் அந்த இடத்தை எண்ணெயும் நிலக்கரியும் நிரப்ப வேண்டும். 2022 மார்ச் 31இல் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் நாட்டுக்கே பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே நல்லதண்ணிக்காரர்களும் மெழுகுதிரி ஏற்றினார்கள்.

டிஸ்க்கைத் தூங்க வைப்பதன் பெரிய லாபம் பணத்தில் இல்லை. இப்படிக் கரண்ட் போகும் நேரத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது நினைவிருக்கிறதா? அந்த நேரம் சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க்குகளெல்லாம் அவசர அவசரமாகத் தலையை ஒதுக்கின. தூங்கிக்கொண்டிருந்தவற்றுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. தலை ஏற்கனவே ஒதுக்கிடத்தில். ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்க் தூங்கும் பெட்டிக்கு அதன் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

பெரிய இடத்துக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருவர், நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றை உறங்க வைத்திருக்கும் சேமிப்பு முறையை ஆராய்ந்து எழுதினார்கள். பின்பு பேஸ்புக் நிறுவனம், யாரும் அடிக்கடி பார்க்காத பழைய போட்டோக்களுக்கென்று தனிக் கட்டடம் அமைத்தபோது, ஒரு தட்டத்திலுள்ள டிஸ்க்குகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் என்று வைத்தது. நீங்கள் பல வருடத்துக்கு முன் போட்ட பெருநாள் படமும் எங்கோ அப்படித் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

குளிரும் ஈரமும் இடியும்

மலைநாட்டுக்கென்று சில வார்த்தைகள். சுற்றும் டிஸ்க் வெதுவெதுப்பாக இருக்கும். தூங்கும் டிஸ்க் அறையின் குளிருக்கு வந்துவிடும். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமன்படுவதற்குச் சின்னத் துளை ஒன்றும் வடிகட்டியும் உண்டு. உள்ளே ஈரம் உறிஞ்சும் பொடிப் பையும் இருக்கும். ஆனாலும் சுவர் வியர்க்கும் அறையில், கேத்தல் கொதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சுவரில் ஒட்டாமல், காற்று போய் வரும்படி வையுங்கள். தூசு படும் என்று தையல் மெஷினுக்குப் போடுவது போல பிளாஸ்டிக் உறை போடுவது நம் வழக்கம். அதற்குள்தான் ஈரம் நிற்கும். குளிரில் கொண்டு வந்த டிஸ்க்கை உடனே இணைக்காமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை ஓரிரு மணி நேரம் பொறுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி. தூக்கம் இடியிலிருந்து காப்பாற்றாது. பெட்டியை முறையாக மூடிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இன்டர்நெட் வயரையும் சேர்த்து. அந்த வயர் வழியாகவும் இடி வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தூக்கம் நகலும் ஆகாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டும் ஒரே இடியில் போகும், ஒரே மண்சரிவில் போகும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்று பார்த்தோம். வீட்டை விட்டு ஓடியவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்? ஆகவே மூன்றாவது நகல் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். பென் டிரைவ் போதாது. வருடக்கணக்கில் மின்சாரம் காணாத பென் டிரைவும் எஸ்எஸ்டியும் எழுதியதை மறந்துவிடக் கூடும்.

உம்மாவின் பதினேழு பதிவுகளும் மற்ற எல்லாமும் இப்போது கம்பளையில் என் அலுமாரியிலும் ஒரு சிறு டிஸ்க்கில் இருக்கின்றன. ஈரம் உறிஞ்சும் பொடிப் பையோடு, துணியில் சுற்றி, பட்டுச் சேலைகளுக்கு மேல் தட்டில். இது முழுத் தூக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, சில கோப்புகளைத் திறந்து பார்த்து, புதியவற்றைச் சேர்த்து, முறையாகக் கழற்றி வைக்கிறேன். டிஸ்க்கின் முதுகில் ஒரு கடதாசி ஒட்டி, பார்த்த தேதியைப் பென்சிலால் குறிக்கிறேன். தங்கச்சி போனில் பேசும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்: “தாத்தா, இந்தத் தடவ எந்தக் கதையத் தொறந்து பாத்தீங்க?”

போன தடவை ஐந்தாவது. கதவு தட்டும் சத்தம் வருவது அதில்தான்.